கணினித் திரையில் தமிழ்: ஒரு பொறியாளரின் பார்வை

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடையைப் பெரிதும் மாற்றாமல் மலருக்காக எழுதித் தரப்பட்டது.)

 

நம் சங்கச் செயலாளர் போனில் அழைத்து, "தம்பி, நீ கம்ப்யூட்டர் லைன்ல இருக்கே. இன்டர்நெட்டைப் பத்தி ஏதாவது பேசு. ஆனா சாப்பாட்டுக்கு முந்தின அயிட்டம் உன்னோடதுதான், பாத்துக்கோ" என்றார். பசி நேரத்தில் பேசுகிறவனுக்கு எதிரி வேறு யாரும் வேண்டாம். சமையற்கட்டிலிருந்து வரும் சாம்பார் வாசனையே போதும். எனவே உங்கள் சட்டைப்பையிலும் கைப்பையிலும் இருக்கிற ஒரு பொருளைப் பற்றியே பேசுகிறேன். கைப்பேசியில் வருகிற தமிழ் எழுத்து.

அதில் என்னய்யா பேச இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் மென்பொருள் வடிவமைப்பில் வேலை செய்கிறவன். பதினைந்து வருஷமாக இந்தத் தொழிலில் கண்டது இதுதான். எங்கோ ஓர் அறையில் நாலு பொறியாளர்கள் உட்கார்ந்து ஒரு சின்ன முடிவு எடுப்பார்கள். எத்தனை எழுத்து அனுப்பலாம், எந்தப் பட்டனை எங்கே வைக்கலாம் என்கிற மாதிரி முடிவு. அந்த முடிவு நம் ஊரில் ஒரு மனிதர் இன்னொரு மனிதரோடு எந்த மொழியில், எவ்வளவு, எப்படிப் பேசுகிறார் என்பதையே மாற்றிவிடும். இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. தமிழ் எழுத்து கணினிக்குள் வந்த கதையே நல்ல உதாரணம்.

சாளுவன்குப்பத்துச் சுவர்கள்

மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே சாளுவன்குப்பம். புலிக்குகை பார்க்க எல்லோரும் போயிருப்பீர்கள். அதே வளாகத்தில் அதிரணசண்ட மண்டபம் என்று ஒரு குடைவரை இருக்கிறது. பலர் எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடுவார்கள். அடுத்த முறை போனால் அவசியம் உள்ளே போய்ச் சுவரைப் பாருங்கள். ஒரு பக்கச் சுவரில் பல்லவ கிரந்த எழுத்தில் வடமொழிச் சுலோகங்கள் வெட்டியிருக்கும். எதிர்ப்பக்கச் சுவரில் அதே சுலோகங்கள், ஆனால் நாகரி எழுத்தில். தெற்கத்திக்காரன் ஒரு பக்கம் படிக்கலாம், வடக்கத்திக்காரன் மறுபக்கம் படிக்கலாம்.

செய்தி ஒன்று, அதன் உருவம் இரண்டு. சுமார் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் நம் கடற்கரையில் கல்லை வெட்டியவர்களுக்கு இது தெளிவாகத் தெரிந்திருந்தது. 1990-களில் நம் கணினிக்காரர்கள் இதைத்தான் தாறுமாறாகக் குழப்பி வைத்திருந்தார்கள்.

டி, இசட், எஃப், அரைப்புள்ளி...

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆங்கிலப் பெரிய 'ஏ' என்றால் 65 என்று 1960-களிலேயே முடிவு செய்துவிட்டார்கள். அதனால் அமெரிக்காவில் அடித்த ஆங்கிலக் கடிதத்தை ஜப்பானில் திறந்தாலும் ஆங்கிலமாகவே தெரியும். அந்தக் காலத்துக் கணினியில் ஓர் எழுத்துக்கு எட்டு பிட், அதாவது மொத்தம் 256 இடம். முதல் 128 இடம் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. மீதி 128. நமக்கோ 247 எழுத்து. பந்தியில் 128 இலை போட்டு 247 பேரை உட்கார வைக்கிற கதை!

என்ன செய்தார்கள்? எழுத்துருவைச் செய்தவர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய இடத்தில் கால், கொம்பு, சுழி எல்லாவற்றையும் வைத்தார்கள். டி.டி.பி. கடை வைத்திருந்த அண்ணன்மார்கள் இங்கே இருந்தால் உடனே புரியும். பாமினி, ஸ்ரீலிபி, இளங்கோ, வானவில் என்று எத்தனை! பாமினியில் 'வணக்கம்' என்று அடித்தால் கணினி உண்மையில் சேமித்து வைப்பது டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி. இந்த ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் முகமூடி ஒன்றை மாட்டிக் காட்டினார்கள், அவ்வளவுதான். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அது வணக்கம். இல்லாத கணினியில் அது வெறும் அரைப்புள்ளி மயம்.

அச்சுக்கு இது போதும். தாளில் மை விழுந்துவிட்டால் உள்ளே என்ன எண் இருந்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்? சிக்கல் ஆரம்பித்தது, ஒருவர் எழுதியதை இன்னொருவர் வேறு கணினியில் படிக்க வேண்டி வந்தபோது. ஐரோப்பாவின் செர்ன் ஆராய்ச்சிக்கூடம் வலைத்தளத் தொழில்நுட்பத்தை 1993 ஏப்ரல் 30 அன்று யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று உலகத்துக்கே எழுதிக் கொடுத்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். மூலம் வந்தது. கதவு திறந்தாச்சு. ஆனால் தமிழன் உள்ளே போனால் ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நாலு பத்திரிகை படிக்க நாலு எழுத்துரு. காலை மாலை இரண்டு பேப்பருக்கும் தனித்தனிக் கண்ணாடி வாங்கச் சொன்ன மாதிரி!

கூடிப் பேசி முடித்தார்கள்

இந்தச் சிக்கலை அவிழ்க்க முதலில் கை கொடுத்தவர்களில் பலர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, எழுத்தாளர், ஆசிரியர். மலேசியாவில் 'முரசு' மென்பொருளைச் செய்த முத்து நெடுமாறன். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சியாளரான கல்யாணசுந்தரம். இவர் 'மயிலை' எழுத்துருவைச் செய்து இலவசமாகவே கொடுத்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் வழியாக உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே கூடிப் பேசினார்கள். 1997-இல் கோவிந்தசாமி முயற்சியால் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது.

அந்தப் பேச்சுகளில் பிறந்ததுதான் 'திஸ்கி' என்கிற குறியீடு. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை அத்தனை பேரும் மின்னஞ்சலில் சண்டை போட்டு, சமாதானமாகி, ஒரு பட்டியலாக்கினார்கள். எந்த அரசாங்கமும் உத்தரவு போடவில்லை. எந்தக் கம்பெனியும் காப்புரிமை கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் அந்தப் பட்டியலை வைத்து எழுத்துரு செய்யலாம் என்றார்கள். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, எல்லாருக்கும் இலவசமாக வலையேற்றினார்கள். எங்கேயோ ஒரு நாட்டில் இரவு வேலை முடித்து வந்தவர் ஒருவர் உட்கார்ந்து அடித்த பக்கத்தை, இன்று நம் கல்லூரித் தமிழ்த்துறை மாணவி பஸ்ஸில் போகும்போது கைப்பேசியில் படிக்கிறாள்.

1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ் இணையம் 99' மாநாடு. அதன் பயனாக டாம், டாப் என்று இரண்டு எழுத்துத் தரங்களும், 'தமிழ் 99' விசைப்பலகையும் வந்தன. அந்த விசைப்பலகையில் ஒரு நுணுக்கம். நம் மொழியில் க்க, ட்ட, ப்ப என்று இரட்டித்து வருவது அதிகம் அல்லவா? 'க' விசையை இரண்டு தரம் தட்டினால் முதல் ககரத்துக்குத் தானாகவே புள்ளி விழுந்துவிடும். 'ங'வுக்குப் பின் 'க' வந்தாலும் அப்படித்தான். நம் இலக்கணத்தை அறிந்த ஒருவர் உட்கார்ந்து யோசித்தால்தான் இந்த மாதிரி வடிவமைப்பு வரும். 2000-இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது.

இதற்கிடையே யூனிகோடு வந்துவிட்டது. உலகத்து எழுத்துகள் அத்தனைக்கும் ஒரே பட்டியல், ஓர் எழுத்துக்கு ஓர் எண், அந்த எண் எந்த நாட்டிலும் மாறாது. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனால் அது இந்திய அரசின் 'இஸ்கி' குறியீட்டைப் பின்பற்றியது. எல்லா இந்திய எழுத்துகளையும் தேவநாகரி வரிசையிலேயே அடுக்கி வைத்தது. தமிழுக்குக் கொடுத்த 128 இடத்தில் பல இடம் காலி. ஆனால் 'கி', 'கு' போன்ற உயிர்மெய்களுக்குத் தனி இடம் கிடையாது. 'க' ஓர் எண், கொக்கி ஓர் எண், இரண்டையும் சேர்த்தால்தான் 'கி'. நம் தமிழறிஞர்கள் பலருக்கு இது மனக்குறை. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வேண்டும் என்று வாதாடினார்கள். அந்த எண்ணத்தில் உருவானதுதான் 'டேஸ் 16'. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்தது.

ஆனால் உலகம் யூனிகோடின் பக்கம் போய்விட்டது. விண்டோஸ் 2000-இல் 'லதா' எழுத்துருவோடு தமிழ் வந்தது. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. இகலப்பை மாதிரி இலவச மென்பொருள்கள் வீட்டுக் கணினியில் தமிழ் அடிக்க வழி செய்தன. சுரதாவின் பொங்குதமிழ் பழைய எழுத்துருவில் இருந்ததை யூனிகோடுக்கு மாற்றித் தந்தது. யூனிகோடில் ஒரு விதி உண்டு. ஓர் எழுத்துக்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டால், பிறகு அதை எடுக்கவும் மாட்டார்கள், இடம் மாற்றவும் மாட்டார்கள். மாற்றினால் அதுவரை உலகம் எழுதி வைத்த அத்தனையும் குழம்பிவிடும். எனவே 1991-இல் நம்மில் அதிகம் பேர் மேசையில் இல்லாதபோது எடுத்த முடிவு இன்றும் நம் கைப்பேசியில் இருக்கிறது. குறை சொல்லிப் பயனில்லை. முடிவு எடுக்கிற நேரத்தில் நாம் அந்த அறையில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள பாடம்.

'மழை வரும்' என்பதற்கு எவ்வளவு?

இப்போது இன்னொரு முடிவின் கதை. 1985-இல் ஜெர்மனியில் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்டு என்ற பொறியாளர் தட்டச்சுப் பொறியில் ஏதேதோ வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்தார். பெரும்பாலானவை 160 எழுத்துக்குள் அடங்கின. "இது போதும்" என்றார். அதுதான் எஸ்.எம்.எஸ். அளவு. ஒரு செய்திக்கு 140 பைட். ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி அடைத்தால் 160. தமிழ் மாதிரி வேறு எழுத்து ஒன்றே ஒன்று உள்ளே வந்தாலும் செய்தி முழுவதும் யூனிகோடு ஆகிவிடும், அப்போது 70-தான்.

அந்த 70-ம் நம் எழுத்து எண்ணிக்கை அல்ல. 'வணக்கம்' என்பது நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஏழு, இரண்டு புள்ளிகளையும் தனியாக எண்ணுகிறது. "மாலை ஆறு மணிக்கு செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு வந்துவிடு தம்பி" என்று ஒரு செய்தி. எண்ணிப் பார்த்தால் 63. சரி, அடங்கிவிட்டது. பிரியமான அண்ணன் கூடவே "மழை வரும்" என்று சேர்த்தால் 73. இரண்டாவது செய்திக்கும் காசு! இதையே ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரே செய்தியில் அடங்கி, குடை எடுத்து வா என்றும் சொல்லி, அம்மாவை விசாரித்தும் முடிக்கலாம்.

நம்மில் பலர் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு ஒரு ரூபாய் கணக்கு பார்த்தவர்கள். போனில் தமிழ் எழுத்தும் பாதி நேரம் கட்டம் கட்டமாகத் தெரியும். நாங்கள் எல்லோரும் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகினோம். தங்கிலீஷ் என்று இன்று வருத்தப்படுகிறோம். "இந்தப் பசங்களுக்குத் தமிழ்ப்பற்று இல்லை" என்று மேடையில் பேசுகிறோம். பசங்கள் மேல் பழி போடும் முன் அந்த 70-ஐ நினைத்துப் பாருங்கள். காசும் வசதியும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பழக்கமும் அந்தப் பக்கம்தான் சாயும். இன்று எழுத்துக்குக் காசு இல்லை. செல்லினம் மாதிரித் தமிழ் விசைப்பலகைகள் கைப்பேசிக்கு வந்தாச்சு. வாயால் சொன்னால் தமிழில் அடித்தும் தருகிறது. இருந்தாலும் பழக்கம் போகவில்லை. வடிவமைப்பு உண்டாக்கிய பழக்கம், அந்த வடிவமைப்பு போன பிறகும் நிற்கிறது.

கடற்கரையில் ஒலிபெருக்கி

எழுத்தும் இடமும் பற்றி இவ்வளவு பேசுவது வெறும் மொழிப்பற்றுக்காக மட்டும் அல்ல. நம் மாவட்டத்துக்குக் கடல் இருக்கிறது. கோவளம், மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம், கடலூர் என்று வரிசையாகக் குப்பங்கள். அங்கே ஒரு செய்தி நேரத்துக்குப் புரிகிற மொழியில் போய்ச் சேருவது உயிர்ப் பிரச்சினை.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்களை நடத்தியது. வில்லியனூர் அதற்கு நடு மையம். வீராம்பட்டினம் மீனவர் ஊரிலும் ஒரு மையம். அமெரிக்கக் கடற்படை தன் வலைத்தளத்தில் கடல் அலையின் உயரத்தை முன்கூட்டிக் கணித்துப் போடும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மையத்தில் இருந்தவர்கள் அதை இறக்கித் தமிழில் சொல்லி ஒலிபெருக்கியில் ஊருக்கே அறிவித்தார்கள். கம்ப்யூட்டர் தெரிய வேண்டாம், ஆங்கிலம் தெரிய வேண்டாம். வலை பின்னிக்கொண்டே காதில் வாங்கிக்கொள்ளலாம். எந்தப் பொறியாளரும் அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு வீராம்பட்டினத்து மீனவருக்காக அந்தத் தளத்தைச் செய்யவில்லை. அது திறந்து கிடந்தது. நம் ஆட்கள் எடுத்துத் தமிழாக்கினார்கள். திறந்த வலை என்று நாங்கள் சொல்வதன் பொருள் இதுதான். செய்தவர் நினைத்துப் பார்க்காத ஒருவருக்கும் அது பயன்படும்.

2004 டிசம்பர் 26 நமக்கு மறக்காது. மாமல்லபுரம், கல்பாக்கம் எல்லாம் அடி வாங்கிய நாள். அன்று புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். உடனே தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் கரையைவிட்டு ஓடித் தப்பியது. வீடும் படகும் போயின, உயிர் மிஞ்சியது. செய்தி வந்தது வெளிநாட்டுப் போனில், போய்ச் சேர்ந்தது ஒலிபெருக்கியில். நடுவே ஒரு மனிதர், தெரிந்த குரல், புரிகிற தமிழ்.

அதன் பின் ஏற்பாடுகள் வளர்ந்தன. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தில் 2007 அக்டோபரில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது. இன்று பேரிடர் எச்சரிக்கைகள் 'சாசெட்' என்ற அமைப்பின் வழியாக மக்களுக்குப் போகின்றன. அது பொது எச்சரிக்கை நெறிமுறை என்கிற உலகத் தரத்தில் அமைந்தது. அந்தத் தரத்தில் ஒரே எச்சரிக்கைக்குள் பல மொழி வடிவங்களை வைக்கலாம். சாளுவன்குப்பத்து இரண்டு சுவர் ஞாபகம் வருகிறதா? 2023-இல் எல்லோருடைய கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறியதே, அந்தச் சோதனையும் இந்த ஏற்பாட்டைச் சேர்ந்ததுதான்.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் நம் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. அதற்கு அப்புறம் ஒரு நாள் கொக்கிலமேட்டில் பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "காத்து வாடையா கொண்டலான்னு போன் எங்களுக்குச் சொல்ல வேணாம் தம்பி, அது மேல்ல பட்டாலே தெரியும். அலை எத்தினி அடி, எத்தினி நாளைக்கு இருக்கும், அதத்தான் பாக்குறோம். தமிழ்ல வந்தா நானே படிச்சுப்பேன். இல்லாட்டி பையன் வர்ற வரைக்கும் குந்தியிருக்கணும்" என்றார். 'பையன் வர்ற வரைக்கும்.' மென்பொருள் வடிவமைக்கிற ஒவ்வொருவரும் தம் மேசையில் எழுதி ஒட்ட வேண்டிய வார்த்தை இது.

ஒரு பட்டனின் வலிமை

நல்ல செய்தி வேகமாகப் போகிற வழியிலேயே கெட்ட செய்தியும் போகும். 2018 மே மாதம் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த வயதான அம்மா ஒருவரைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று கும்பல் அடித்துக் கொன்றது. வாட்ஸ்அப்பில் பரவிய பொய்ச்செய்தி அதற்கு முன் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியூர்க்காரர் யாரைப் பார்த்தாலும் சந்தேகம். இந்தியாவின் பல மாநிலங்களிலும் அந்த வருஷம் இப்படியே நடந்தது.

அப்போது அந்த நிறுவனம் சில மாற்றங்கள் செய்தது. 2018 ஜூலையில், வேறிடத்திலிருந்து வந்த செய்திக்கு 'ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்று குறி போட்டார்கள். படம், வீடியோ பக்கத்தில் இருந்த விரைவு ஃபார்வர்டு பட்டனை இந்தியாவில் எடுத்தார்கள். ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்றார்கள். 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கினார்கள். அதற்குப் பின் அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்தது என்று நிறுவனமே சொன்னது. யாருடைய வாயையும் கட்டவில்லை. கை ஒரு நொடி தயங்கும்படி செய்தார்கள். அனுப்புவதற்கு அவ்வளவு எளிதாக முதலில் வைத்ததும் ஒரு வடிவமைப்பாளர்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

இதில் இன்னொன்றும் உண்டு. குழுவுக்குள் வந்த செய்தி குழுவோடு புதைந்துவிடும். யார் எழுதியது, எப்போது எழுதியது, பிறகு திருத்தினார்களா என்று பார்க்க வழி இல்லை. திறந்த வலையில் போட்ட பக்கத்துக்கு ஒரு முகவரி இருக்கும். தேடலாம், மேற்கோள் காட்டலாம், தப்பென்றால் இன்னொருவர் மறுத்து எழுதலாம். நம் ஊர் வரலாறு, நம் கல்லூரி வரலாறு எல்லாவற்றையும் குழுச் செய்தியாகவே எழுதிக்கொண்டிருந்தால் இருபது வருஷம் கழித்து ஒன்றும் மிஞ்சாது.

நாம் செய்யக்கூடியது

கடைசியாக ஒரு வேண்டுகோள். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், எனக்குத் தெரிகிறது. ஐந்தே நிமிஷம்.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற பொறியாளர் செங்கல்பட்டுச் சீமையில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்கர்கள் அதே விவரத்தை ஓலையில் தமிழில் எழுதி வைத்தார்கள். அந்த ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று. உழக்கு, குறுணி, பதக்கு என்று அளவைகள். இவற்றுக்கெல்லாம் நம் முன்னோர் தனித்தனிக் குறி வைத்திருந்தார்கள். கணினியில் இந்தக் குறிகளுக்கு இடமே இல்லாமல் இருந்தது. 2019-இல் யூனிகோடின் 12-ஆம் பதிப்பில்தான் இப்படிப்பட்ட 51 குறிகளுக்கு இடம் கிடைத்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமானதும் அதே 2019-இல்தான்! ஆர்வலர்கள் ஆதாரம் திரட்டி, விண்ணப்பம் எழுதி, பல ஆண்டு விடாமல் கேட்டதால் கிடைத்தது. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய நம் ஊர்க் கணக்கை இனி உள்ளபடியே கணினியில் எழுதலாம்.

அவ்வளவு பழையதற்கு வழி பிறந்துவிட்டது. நம் கல்லூரி ஆண்டு மலர்களின் கதை என்ன? சங்க அலுவலகத்தில் பழைய மலர்களின் சி.டி.க்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. அதில் இரண்டை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் எனக்குத் தெரிந்த டி.டி.பி. கடைக்குப் போனேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "சார், ஃபைல் நல்லா இருக்கு. இந்த ஃபான்ட்தான் இப்ப யாருகிட்டயும் இல்ல. எழுத்து இருக்கு, படிக்க முடியாது" என்றார். நம் பேராசிரியர்களின் கட்டுரைகள், நம் நண்பர்களின் கவிதைகள், இன்று நம்மோடு இல்லாத சிலருடைய எழுத்து, அத்தனையும் அரைப்புள்ளியும் கமாவுமாக அந்த வட்டத்தகட்டில் உட்கார்ந்திருக்கிறது. கல்லில் வெட்டியது ஆயிரம் வருஷம் தாண்டியும் படிக்க முடிகிறது. இது முப்பது வருஷம் தாங்கவில்லை.

ஆனால் மீட்க முடியும். அந்தப் பழைய எழுத்துருவின் எண் வரிசையைக் கண்டுபிடித்துவிட்டால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். அச்சுப் பிரதி இருந்தால் ஒப்பிட்டுப் பிழை பார்க்கலாம். மாற்றும் வேலையை நானும் என் வகுப்புத் தோழர்கள் மூவரும் எடுத்துக்கொள்கிறோம். ஏற்கெனவே ஒரு மலரை முடித்துவிட்டோம். பிழை பார்க்க ஆள் வேண்டும், அதுதான் இப்போது குறை. 'ஔ' என்ற ஓரெழுத்தும், 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாக அடித்ததும் கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும். கணினிக்கு அது வேறு, இது வேறு. ஔவையாரைத் தேடினால் பாதி இடத்தில் கிடைக்க மாட்டார். இதையெல்லாம் பார்க்கத் தமிழ் படித்த கண் வேண்டும். ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் ஆளுக்கு இருபது பக்கம் எடுத்துக்கொண்டால் ஒரு வருஷத்தில் எல்லா மலரும் முடிந்துவிடும்.

இதைச் செய்வதில் இன்னொரு நன்மை. என்.வி.டி.ஏ. என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இருவர் தொடங்கி இலவசமாக வழங்கி வருவது. திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக் காட்டும், தமிழிலும் படிக்கும். ஆனால் யூனிகோடு எழுத்தாக இருந்தால்தான். பழைய எழுத்துருவில் இருப்பதைக் கொடுத்தால் அது "டி, இசட், எஃப், அரைப்புள்ளி" என்றுதான் படிக்கும். படமாக அனுப்பினால் பேசவே பேசாது. நாம் படமாக அனுப்பும் ஒவ்வோர் அழைப்பிதழையும் சுற்றறிக்கையையும் பார்வையற்ற மாணவர் ஒருவர் இன்னொருவரைக் கெஞ்சித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. அவருக்கும் ஒரு 'பையன் வர்ற வரைக்கும்' இருக்கிறது.

எனவே மூன்று விஷயங்களைச் சங்கத்தின் முன் வைக்கிறேன். ஒன்று, இந்த மலரிலிருந்து தொடங்கி நம் சங்கம் வெளியிடும் எல்லாமே யூனிகோடு எழுத்தில் இருக்கட்டும்; அச்சகத்தாரிடம் முதலிலேயே சொல்லிவிடுவோம். இரண்டு, பழைய மலர்களை மாற்றி யாரும் கடவுச்சொல் இல்லாமல் படிக்கும்படி வலையில் வைப்போம். மூன்று, சுற்றறிக்கையைப் படமாக அனுப்பும்போது கீழே அதே செய்தியை எழுத்தாகவும் சேர்த்து அனுப்புவோம். இதற்குப் பெரிய செலவு இல்லை. உழைப்புதான் கொஞ்சம் வேண்டும். பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரத் தலைவர் அனுமதிக்க வேண்டும்.

 பிழை பார்க்கப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் என்னைப் பிடிக்கலாம்; நோட்டோடு நிற்பேன்.